எனக்குக் கேட்ட மாத்திரை

மாத்திரை தானப் பிரபு என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். டாக்டரிடம் ஒரே ஒரு தடவை போய்வந்திருப்பார். அதை முதலாக வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பார். நீங்கள் தும்மி முடிப்பதற்குள் தன் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி உங்கள் உள்ளங்கையில் வைத்துவிடுவார். வேண்டாம் என்றால் கோபம் வரும்.

செஞ்சியில் இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் நெல் மண்டி புஷ்பதந்தனைப் பாருங்கள். கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் அவருக்கு ஒரு மாத்திரை எழுதி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். போட்டார், கொழுப்பு இறங்கியது, அன்றைக்கே அவருக்குள் ஒரு டாக்டர் பிறந்துவிட்டார். பிறகு மனைவி அனந்தமதியின் ரத்தப் பரிசோதனையிலும் கொழுப்பு என்று வந்தது. டாக்டரிடம் போகலாமா என்று அவள் கேட்டதே அவருக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

"எனக்குக் கேட்டுது, உனக்குக் கேக்காதா? ஒரே வூடு, ஒரே சோறு, ஒரே கொழுப்பு."

மண்டிக்காரர் கணக்கு அது. ஒரே ரக நெல்லுக்கு ஒரே விலை. மூட்டை யாருடையது என்று எதற்குக் கேட்க வேண்டும்? இருவரும் சமணர்கள், ராத்திரிச் சாப்பாட்டையே பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்பவர்கள். சாப்பிட்ட கையோடு அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று ஒரே அட்டையிலிருந்து பங்கு நடந்தது.

கொஞ்ச நாளில் அனந்தமதிக்குத் தொடையும் கெண்டைக்காலும் அடித்துப் போட்டாற்போல வலித்தன. ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருநாதர் குன்றில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறவள், வீட்டு வாசற்படிக்கே சுவரைப் பிடித்தாள். இனி அந்தக் குன்றை அண்ணாந்து பார்ப்பதோடு சரியோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மாத்திரைப் பிரபு அசருவாரா? செருப்பு சரியில்லை என்றார். டைல்ஸ் தரையின் குளிர்ச்சி என்றார். கடைசியில், தன்னைவிட இளையவளைப் பார்த்து, வயசாகிவிட்டது என்றார். எல்லாவற்றின் மேலும் பழி விழுந்தது, மாத்திரையின் மேல் மட்டும் விழவில்லை.

இதற்கிடையில் பத்து நாள் நோன்பு வந்தது. அனந்தமதி பகலில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டாள். மாத்திரை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகுதானே? அந்தச் சாப்பாடே இல்லாதபோது மாத்திரை ஏது? நோன்பு முடிவதற்குள் கால் லேசாகிவிட்டது. நோன்பின் மகிமையை மண்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி உருகிய புஷ்பதந்தன், முடிந்த மறுநாளே பழையபடி மாத்திரையை எடுத்து நீட்டினார். வலியும் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து சேர்ந்தது.

அப்போதுதான் அனந்தமதி வாயைத் திறந்தாள். "இன்னாங்க, நோம்புல நான் சோத்தை மட்டுமா வுட்டேன்? உங்க மாத்திரையையும்தான் வுட்டேன்."

பிரபுவுக்குத் திக்கென்றது. அவரே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தார்.

டாக்டர் ஜெயஸ்ரீ ரத்தம் எடுத்துப் பார்த்தார். கல்லீரல் பாதிப்பும் தசை பாதிப்பும் அதில் தெரிந்தன. இந்த மாத்திரையை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். அனந்தமதி வீட்டுக்காரரைப் பார்த்தாள். டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பொறுமையாக விளக்கினார். மாத்திரையை உடைத்துப் பக்குவம் செய்து அனுப்புவது கல்லீரல். ஆணின் கல்லீரலும் பெண்ணின் கல்லீரலும் எல்லா மருந்தையும் ஒரே மாதிரி கையாள்வதில்லை. எடை, வயது, கூட இருக்கும் வியாதி எல்லாம் அதில் சேரும். இந்த வகை மாத்திரையால் தசைவலி வருவது பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். அவருக்கு அளவாக இருந்தது அவளுக்கு மிஞ்சிவிட்டது.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இவங்களை நீங்க தூக்கிக்கிட்டுத்தான் வந்திருப்பீங்க" என்றார். இதை நிறுத்திவிட்டு, உடம்பு தேறியதும் வேறொன்றைக் குறைந்த அளவில் தொடங்கலாம் என்றார்.

புஷ்பதந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. கேலி கேலியாக இருக்கட்டும். மனிதருக்கு மனைவி என்றால் உயிர். வெளியே வந்ததும், இனி யாருக்கும் மாத்திரை தருவதில்லை என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

வாசலில் டீக்கடை பச்சமுத்து நின்றிருந்தார். தனக்கும் கொழுப்பு என்று சொல்லிவிட்டார்கள் என்றார், பாவம். பிரபு தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆண் கல்லீரல் வேறு, பெண் கல்லீரல் வேறு என்று டாக்டர் சொன்னதை ஒரு வரி பிசகாமல் ஒப்பித்தார். பச்சமுத்து வாய் பிளந்து கேட்டார். பிரபுவின் கை மெல்லச் சட்டைப் பைக்குள் போயிற்று.

"நீ ஆம்பளைதான? தாராளமா போடு."

அனந்தமதி அட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, பச்சமுத்துவை உள்ளே டாக்டரிடம் அனுப்பினாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே, கொழுப்பு மாத்திரை போடுகிற உங்கள் அத்தைக்கும் கால் வலி என்பது ஞாபகம் வந்து, அதை உடனே நிறுத்தச் சொல்லலாம் என்று உங்கள் கை போனைத் தேடியதா இல்லையா? அத்தையை அவருடைய டாக்டர் பார்த்துக்கொள்வார். போனைக் கீழே வையுங்கள், டாக்டர்.