ஏழு காவல் மெத்தை

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஓர் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நின்றது. முன்னால் விபத்து ஒன்றும் இல்லை. தொட்டில் சித்தர் வந்திருந்தார். உள்ளே படுத்திருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்து, "வந்ததுதான் வந்தோம், பேத்திக்கு ஒரு டோக்கன் வாங்கிருங்க" என்றாராம். அவர் நோயும் குணமாகிவிட்டது என்று சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. சித்தர் கணக்கில் இன்னோர் அற்புதம் ஏறியது.

வரிசை ரோட்டில் தொடங்கி, சந்துக்குள் வளைந்து, பொதுக் கழிப்பறை வரிசையோடு கலந்துபோயிருந்தது. வாளியோடு வந்தவர்கள் சித்தர் முன்னால் போய் நின்று விழித்தார்கள். குழந்தையோடு வந்தவர்கள் கழிப்பறைக் கதவின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சித்தரின் தொழில் என்ன? கைக்குழந்தையை வீட்டில் எந்த இடத்தில் படுக்கவைப்பது என்று சொல்வது. சிரிக்காதீர்கள். பத்துக்குப் பத்து அறையில் அப்பன், அம்மை, அப்பனின் தம்பி, சிலிண்டர், தையல் மெஷின் எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் குழந்தை படுக்க வேண்டும். அந்த மிச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு சித்தர் தேவைப்பட்டதில் என்ன ஆச்சரியம்?

முறை எளிது. குழந்தையை உச்சி முதல் பாதம் வரை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். முகத்தைக் காட்டக் கூடாது. சித்தரின் பார்வை உக்கிரமானது. பச்சைக் குழந்தை தாங்காது. (ஆரம்பத்தில் இந்த விதி கிடையாது. ஒரு குழந்தை அவருடைய பட்டு ஜிப்பாவுக்கு அபிஷேகம் செய்த மறுநாள்தான் பார்வை உக்கிரமானது.) சித்தர் மூட்டையின் வயிற்றில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். குழந்தை அவரிடம் பேசும்.

"பார்ட்டி சொல்லுது," என்பார். குழந்தையை அவர் பார்ட்டி என்றுதான் சொல்வார். "வடக்கு மூலை வேண்டாங்குது. அங்க முன்னால குடியிருந்தவன் ஆவி இன்னும் ரூமைக் காலி பண்ணல. நோட்டீஸ் குடுத்தாத்தான் போவான்."

ஊரில் புளியமரத்தில் சும்மா குடியிருந்த பேய்கள் மும்பைக்கு வந்ததும் வாடகைக்கு இறங்கிவிட்டன போலிருக்கிறது.

ஆவிக்கு நோட்டீஸ் கொடுப்பதற்குத்தான் ஏழு காவல் மெத்தை. முழங்கை உயரத்துக்குப் பொதபொதவென்று இருக்கும். குழந்தையைப் போட்டால் சாம்பாரில் விழுந்த வடை மாதிரி அமிழ்ந்துவிடும். சுற்றிலும் ஏழு குட்டித் தலையணைகள். ஒவ்வொன்றும் ஒரு திசைக்குக் காவல். "திசை எட்டாச்சே சாமி?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். "எட்டாவது திசையில நான் இருக்கேன்" என்றார் சித்தர். கேட்டவர் காலில் விழுந்தார். கழுத்துக்குக் கறுப்பு மணிக் கயிறு, மேலே மூடச் சிவப்புத் துணி, எல்லாம் சேர்த்து ஒரே செட். பக்கத்து அறையிலேயே கிடைக்கும். உள்ளே இருப்பது இமயமலைப் பஞ்சு என்றார்கள். தையல் பட்டறைக் கழிவை அள்ளுகிற டெம்போ எதற்காகத் தினமும் அந்த அறை வாசலில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதே சந்தில் இட்லி மாவு ஆட்டி விற்கிறவன் மாரிக்கண்ணன். மாட்டுங்கா மெஸ்களுக்கும், தலையில் அண்டாவோடு இட்லி விற்கப் போகிறவர்களுக்கும் அவன் மாவுதான். மனைவி ஷாலினி. கைக்குழந்தையின் பெயர் சுடலைக்கண்ணன். பெயர்தான் பயங்கரம், ஆள் இன்னும் குப்புற விழக் கற்றுக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டுக்குச் சித்தரின் பிரச்சாரப் பீரங்கி, அடுத்த சந்திலிருந்து தினமும் வந்துபோகிற மாரிக்கண்ணனின் அக்கா பானுமதி.

"ஏளா ஷாலினி, ஊரே மெத்தை வாங்கிட்டு. நம்ம புள்ள மட்டும் கட்டாந்தரையில கெடக்கான். பாக்கவளுவ என்ன நெனப்பாளுவ?"

"கட்டாந்தரை இல்ல மைனி, கெட்டி மெத்தை. ஊசி போடப் போனப்ப நர்ஸக்கா சொன்னாவ. புள்ளய மல்லாக்கப் படுக்கப்போடணும், மெத்தை தட்டையா கெட்டியா இருக்கணும், பக்கத்துல தலவாணி பொம்மை ஒண்ணும் வைக்கப்பிடாதுன்னு."

"நர்ஸுக்கு ஆவியப் பத்தி என்னட்டி தெரியும்?"

"மூச்சப் பத்தித் தெரியும்லா?"

மாரிக்கண்ணன் நடுவில் நின்றான். "ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான்" என்பது அவன் வாழ்க்கைத் தத்துவம். இதனால் அவனுக்கு எதிரிகளே கிடையாது, முதுகெலும்பும் கிடையாது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு சாயிமா அலறினாள். அவள் மகன் காவல் மெத்தையில் புரண்டு, முகம் ஒரு தலையணைக்குள் புதைந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அள்ளியெடுத்து முதுகைத் தட்டியபோது நல்லவேளையாக வீல் என்று கத்தினான். செய்தி சித்தருக்குப் போயிற்று.

"பாத்தீங்களா! ஆவி அமுக்கியிருக்கு. தலையணைதான் தடுத்திருக்கு!" என்றார் சித்தர். "உடனே இன்னொரு செட் போடுங்க."

மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு ஆனது.

சாயிமா ஷாலினியிடம் வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இந்திதான், ஆனால் அந்தச் சந்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள். "நான் கண்ணால பாத்தேன் ஷாலினி. ஆவி எங்க அமுக்குச்சு? தலையணைதான் அமுக்குச்சு. என் வீட்டுக்காரரே இன்னொரு செட் வாங்கலாம்ங்கிறாரு. போலோ, நீயே சொல்லு, இவங்களை என்ன செய்ய?"

ஷாலினி பதில் சொல்வதற்குள் பானுமதி வந்துவிட்டாள். சுடலைக்கண்ணனுக்காக ஒரு செட்டுக்கு அட்வான்ஸே கொடுத்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சித்தர் வாயால் இடம் கேட்டு, அன்று ராத்திரியே மெத்தையை விரித்துவிட வேண்டுமாம்.

"அக்கா அட்வான்ஸ் குடுத்துட்டாளே..." என்று இழுத்தான் மாரிக்கண்ணன்.

ஷாலினிக்கு சாயிமா மகனின் நீல உதடு கண்ணுக்குள் வந்து போயிற்று. அழுதாலும் கத்தினாலும் இவர்களுக்கு ஏறாது. அவள் வேறு வழி பிடித்தாள்.

"சரி, வாரேன். அந்த ஆளு நெசமாவே நம்ம புள்ளகிட்ட பேசுனா, மெத்தைய நானே தலையில சுமந்துட்டு வாரேன். பேசலன்னு தெரிஞ்சா அப்புறம் இந்த வீட்டுல மெத்தைப் பேச்சே எடுக்கப்பிடாது. சம்மதமா?"

"ஆயிரம் தடவ சம்மதம்!" என்றாள் பானுமதி.

"ரெண்டு பேரு சொல்லுததும் சரிதான்," என்றான் மாரிக்கண்ணன்.

ஞாயிறு காலை சுடலைக்கண்ணனைச் சத்தமில்லாமல் சாயிமா வீட்டில் விட்டாள் ஷாலினி. அப்புறம் மாவுப் பக்கம் போனாள். மாரிக்கண்ணனிடம் வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு: "கவர்ல பாதி காலியா விடணும்டே. மாவுக்கு மூச்சு விட எடம் வேணும்." ஷாலினி அந்தப் பாடத்தைத் தலைகீழாகச் செய்தாள். பெரிய கவரில் கழுத்துவரை மாவை நிரப்பி, காற்றே புகாமல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். எடைக்கு எடை, மகனுக்கு மகன். மஞ்சள் துணியில் சுற்றினாள். தோளில் சாய்த்தாள். தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தாள்.

"குடுட்டி, நான் கொஞ்சம் தூக்குதேன்," என்றான் மாரிக்கண்ணன்.

"வேண்டாம். நீங்க தூக்குனா முழிச்சிருவான்." விடிந்தால் மாவுக் கவர் தூக்குகிற கை அது. தொட்டால் முழித்துக்கொள்வது குழந்தையாக இருக்காது.

"புள்ள இன்னைக்குச் சத்தமே காட்டலயே?" என்றாள் முன்னால் போன பானுமதி.

"பொங்கிட்டு இருக்கான் மைனி."

"என்னது?"

"தூங்கிட்டு இருக்கான்னேன்."

மே மாத வெயில். வரிசை ஊர்ந்தது. அவர்கள் முறை வருவதற்குள் மாவு தன் வேலையை மும்முரமாகத் தொடங்கிவிட்டது.

சித்தர் மூட்டையை வாங்கினார். காதை வைத்தார். கண்ணை மூடினார். 'குளுக்' என்றது உள்ளே.

"ஆஹா!"

"என்ன சொல்லுதான் சாமி?" என்று பானுமதி கையைக் கூப்பினாள்.

"பார்ட்டி பெரிய இடம். போன பிறவியில ராஜா. ஆனா உள்ளுக்குள்ள ஒரு கொந்தளிப்பு இருக்கு."

"இருக்கும் சாமி," என்றாள் ஷாலினி. அதில் அவளுக்கும் சந்தேகமில்லை.

"அப்பன் மேல கொஞ்சம் வருத்தம்."

மாரிக்கண்ணன் முகம் வாடியது. "நான் என்ன சாமி செஞ்சேன்?"

"ரொம்ப ஆட்டுறியாம். தொட்டிலைத்தான். தலை சுத்துதுங்குது."

"அது நெசந்தான் சாமி," என்றாள் ஷாலினி. "ஒருநாள் விடாம ஆட்டத்தான் செய்தாவ."

கூட்டம் சிலிர்த்தது. பானுமதி அவளை வெற்றியோடு பார்த்தாள்.

"மூக்கு யாரு மாதிரி சாமி?" என்று கேட்டாள் ஷாலினி.

"சந்தேகமென்ன, அப்பன் மூக்குதான்."

"மூச்சு நல்லா விடுதானா? எனக்கு அது ஒண்ணுதான் கவலை."

'குளுக், குளுக்' என்றது மூட்டை. "சிங்கம் மாதிரி விடுறான்," என்றார் சித்தர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஆவி வாசல்வரை வந்தாச்சு. இன்னிக்கு ராத்திரியே காவல் மெத்தையில போடணும். போடலேன்னா நான் பொறுப்பில்ல."

"நீங்களே உங்க கையால போட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி. எல்லாரும் பாக்கட்டும்," என்றாள் ஷாலினி.

சித்தருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மாதிரிக்கு வைத்திருந்த மெத்தையில் மூட்டையைப் போட்டார். அது உள்ளே அமிழ்ந்தது. ஏழு தலையணைகளும் நெருக்கிக்கொண்டு வந்தன. சிவப்புத் துணியால் மூடினார். மந்திரம் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

டப்!

வெள்ளையாக ஒரு பீச்சல் எழுந்தது. தாடி, மீசை, நெற்றி, ருத்திராட்சம், எட்டாவது திசை, எல்லாம் ஒரே மாவு.

"ஐயோ, புள்ள கக்கிட்டானே!" என்று அலறினாள் பானுமதி.

அண்டா தூக்கி இட்லி விற்கிற கோமதிநாயகம் பேரனோடு வரிசையில் நின்றிருந்தார். அவர் தன் சட்டையில் தெறித்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "கக்குனது இல்லட்டி. மாரிக்கண்ணன் கடை மாவு. உப்பு ஒரு கல்லு கம்மி."

ஷாலினி மஞ்சள் துணியை விரித்துக் கிழிந்த கவரைத் தூக்கிக் காட்டினாள். "சாமி, உங்ககிட்ட பேசுன பார்ட்டி இதுதான். போன பிறவியில ராஜா இல்ல, புழுங்கலரிசி. கூட உளுந்து. இதுல அப்பன் மூக்கு எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

சித்தர் கண்ணிலிருந்த மாவை வழித்துவிட்டு எழுந்தார். "மோசம் போயிட்டோம்! தெய்வக் குழந்தையை இந்தப் பொம்பளை மந்திரம் போட்டு மாவாக்கிட்டா!"

அதையும் நம்பி நாலு பேர் பின்னால் நகர்ந்தார்கள். நம்மவர்களின் நம்பிக்கைக்கு அளவு ஏது?

"யாரு மாவானது? சுடலை இங்க இருக்கான்!" வாசலில் சாயிமா. ஓர் இடுப்பில் அவள் மகன், மறு இடுப்பில் சுடலைக்கண்ணன். சுடலைக்கண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். சாயிமா சிரிக்கவில்லை. "மாவைப் புள்ளைனு சொன்ன ஆளு, என் புள்ளையை ஆவி அமுக்குச்சுன்னும் சொன்னான். தலையணையைத் தொட்டுப் பாருங்க. மாவே மூச்சு முட்டி வெடிக்குது. புள்ளைங்க என்ன செய்யும்?"

ஒரு தாய் அவசரமாகத் தன் குழந்தையின் முகத்திலிருந்து மஞ்சள் துணியை விலக்கினாள். அடுத்தவள் விலக்கினாள். மூச்சு முட்டிக் கிடந்த குழந்தைகள் ஒரே நேரத்தில் அழத் தொடங்கின. அன்றைக்கு அந்த இடத்தில் குழந்தைகள் உண்மையாகவே பேசியது அப்போதுதான்.

"மெத்தைய எடுத்துட்டுத் துட்டைக் குடு!" என்று கூட்டம் நெருங்கியது.

பயத்தில் சித்தருக்குச் சித்தர் பாஷை மறந்துபோயிற்று. "பார்ட்டி இடம் பாத்தப்புறம் டெபாசிட் திரும்பாது!" என்று கத்தினார்.

கோமதிநாயகம் நிமிர்ந்தார். "ஏலே! இது எங்கயோ கேட்ட குரலாட்டம் இருக்கே! மான்குர்த் ரூம் புரோக்கர் ஆறுமுகநயினார்லா இது! மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி நின்ன ரூமை எனக்கு 'லேக் வியூ'ன்னு தள்ளிவிட்ட பய!"

ஆறுமுகநயினார் பின்கதவால் பாய்ந்தார். அது நேராகக் கழிப்பறை வரிசையில் கொண்டுபோய் விட்டது. தாராவியில் சித்தருக்கு வழி விடுவார்கள், அமைச்சருக்கும் விடுவார்கள். அந்த வரிசையில் மட்டும் யாருக்கும் விட மாட்டார்கள். "லைன்ல வாய்யா!" என்று வாளிக்காரர்கள் பிடித்து நிறுத்தினார்கள். போலீஸ் வரும்வரை ஒழுங்காக வரிசையில் நின்றார்.

மாரிக்கண்ணன் மட்டும் அந்த மெத்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். மாவு ஏழு தலையணைகளுக்கு நடுவில் குழியில் தேங்கிக் கிடந்தது.

"நான் கட்டுத கவர் ஒருநாளும் வெடிச்சதில்லயே..."

"பாதி காலி விடுவிய. மாவு மூச்சு விடணும்னு," என்றாள் ஷாலினி. "உங்க புள்ள என்ன, மாவுக்கும் கொறஞ்சவனா?"

அவன் சாயிமாவிடமிருந்து மகனை வாங்கிக்கொண்டான். அன்று ராத்திரி கெட்டி மெத்தையைக் கிரைண்டருக்குத் தள்ளி விரித்தான். மல்லாக்கப் படுக்கவைத்தான். சுற்றி ஒன்றும் இல்லை. பானுமதி, ஆசைக்கு ஒரே ஒரு தலையணையாவது என்று நீட்டினாள்.

"வேண்டாம்க்கா. ஷாலினி சொல்லுததுதான் சரி."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒருத்தர் சொன்னதைத்தான் சரி என்றான். சுடலைக்கண்ணன் கை காலை நான்கு பக்கமும் விரித்து, மும்பையில் யாருக்கும் கிடைக்காத விசாலத்தில் தூங்கினான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். விடிந்ததும் ஷாலினி கதவைத் திறந்தாள். வாசலிலிருந்து தொண்ணூறு அடி ரோடு வரை வரிசை. எல்லார் கையிலும் ஒரு தூக்குவாளி. முதல் ஆள் பானுமதி.

"ஏளா, நேத்துப் பேசுன மாவு மிச்சம் இருந்தா ஒரு கரண்டி குடேன். திருஷ்டிக்கு நல்லதாம்."

மாவை ஆட்ட மாரிக்கண்ணனிடம் மெஷின் இருக்கிறது. மூளையை ஆட்ட மெஷின் கிடையாது. அவரவர்தான் ஆட்டிக்கொள்ள வேண்டும். நாமோ எவன் எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறோம்!