ஏரோப்ளேன் பெட்ரோல் ஊற்றிய பைக்

தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு அண்ணாந்து பார்க்கும் வியாதி உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் விமானம் போனால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவோம், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடருவோம். எனக்கு அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. இத்தனை பெரிய இரும்பை அத்தனை உயரம் தூக்கிக்கொண்டு போகிறதே, அந்தப் பெட்ரோல் எப்பேர்ப்பட்டதாக இருக்கும்? அதில் ஒரு லிட்டர் என் நூறு சிசி பைக்குக்குக் கிடைத்தால்? இரவெல்லாம் இதே சிந்தனை. (பகலில் அத்தாவின் பாத்திரக்கடையில் டிபன் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். சிந்திக்க நிறைய நேரம் இருந்தது.)

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெட்ரோல் பங்குகளில் உசத்தி ரகம் என்று தனிக் குழாய் வைக்க ஆரம்பித்த சமயம். ‘ஆக்டேன்’ என்ற சொல் எங்கள் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. அர்த்தம் யாருக்கும் தெரியாததால் எல்லாரும் தாராளமாகப் பயன்படுத்தினோம். ஆக்டேன் அதிகம் என்றால் சக்தி அதிகம், சக்தி அதிகம் என்றால் ஸ்பீடு அதிகம். இதில் புரிய என்ன இருக்கிறது? ஒருநாள் யாரோ ஒருவர், சின்ன விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோல்தான் ஆக்டேனில் ராஜா, அது நீல நிறத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அன்று போட்ட சர்க்கரையைக் கலக்கவே மறந்தேன்.

இரும்புலியூர் கோபி என் நண்பன். எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அந்த நீலப் பெட்ரோல் கிடைக்குமா என்று கேட்டேன். இரண்டு பிரியாணிப் பொட்டலத்துக்கு ஒரு வெள்ளை கேன் கொண்டு வந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். நீலம். அப்படியே வானத்தைப் பிழிந்து எடுத்த நீலம். மூடியைத் திறந்து மோந்தேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட் பக்கம் பஸ்ஸில் போகும்போது வருமே ஒரு வாசனை, அதேதான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் என் அக்கா மைமூன் வருகிறாள். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பி.எட். எத்தனையோ பள்ளிக்கூட வாசல் ஏறி இறங்கிவிட்டாள், வேலை அமையவில்லை. திருநீர்மலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கடைக் கல்லாவில் உட்காருகிறேன் என்று அத்தாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் பஸ்ஸில்தான் போவதாக இருந்தாள். “பஸ்ஸெல்லாம் எதுக்குக்கா, நான் பறந்து கொண்டுபோய் விடறேன்” என்று சொன்னவன் நான்.

முந்தின நாள் சாயங்காலம் பைக்கைத் தயார் செய்தேன். டேங்க் கிட்டத்தட்ட காலி. நீலத்தை ஊற்றினேன். அடுத்து கார்புரேட்டர். அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று கலப்பது என்று அதுதான் தீர்மானிக்கும். மெக்கானிக்குகள் அதைக் கால் திருகு திருகிவிட்டு, காதைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார்கள். நானும் கண்ணை மூடினேன். ஏரோப்ளேன் பெட்ரோலுக்குச் சக்தி ஜாஸ்தி, கொஞ்சம் போதும், காற்று நிறையக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, இஷ்டத்துக்குத் திருகினேன். இன்ஜினை ஓட விடாமலே திருகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காதைச் சாய்த்து நான் எதைக் கேட்டேனோ தெரியாது.

காலையில் முதல் உதையிலேயே கிளம்பியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி மிதந்தது. அக்கா பின்னால் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (காற்று அல்ல, பக்தி.) கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருந்த பழைய பெட்ரோலில்தான் அது ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

குரோம்பேட்டை நெருங்கும்போது அக்கா, “ஏதோ வாடை வருதுடா” என்றாள். இந்த ஊரில் தோல் பதனிட்ட காலத்து வாடை, இன்னும் போகவில்லை என்று விளக்கினேன்.

திருநீர்மலை ரோட்டில் திரும்பியதும் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார்கள். நான் இன்னும் ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். தட்டல் பெரிதாயிற்று. பின்னால் வெள்ளைப் புகை, கொசு மருந்து வண்டி மாதிரி. காலுக்குக் கீழே இன்ஜின் தோசைக்கல்லாகச் சூடேறியது. கடைசியில் சைலன்சர் ‘டமார்’ என்று வெடிக்க, வண்டி நின்றது. அக்கா இறங்கி ஓரமாகப் போய் நின்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்திருப்பது ஒரு லிட்டர் விமான எரிபொருளின் மேல்.

அதற்குப் பிறகு நான் செய்ததை யாராவது படம் பிடித்திருந்தால் நான் ஊரை விட்டே போயிருப்பேன். பைக்கை அப்படியே கீழே போட்டேன். “தள்ளிப் போங்க, ஏரோப்ளேன் பெட்ரோல், வெடிச்சிரும்” என்று கத்திக்கொண்டே ஓடி, ரோட்டோரப் பள்ளத்தில் குப்புறப் படுத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அக்காவை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று தோன்றவில்லை. ஜனங்கள் உடனே நம்பினார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். சைக்கிளில் வந்தவர் சைக்கிளை விட்டுவிட்டு ஓடினார். ரோடு இரண்டு பக்கமும் நின்றுவிட்டது.

பள்ளத்திலிருந்து ஒரு கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். காலி ரோடு. நடுவில் புகைந்துகொண்டு கிடக்கிற என் பைக். அதை நோக்கி, கறுப்பு புர்காவில், கையில் ஃபைலோடு, அவசரமே இல்லாமல் நடந்து போகிற என் அக்கா. இத்தனை வருஷத்தில் எத்தனையோ விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அன்று பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்த மாதிரி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

அவள் பைக்கை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டாள். டேங்க் மூடியைத் திறந்து, குனிந்து, ஒரே ஒரு தடவை மோந்தாள். பிறகு பள்ளத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஜாபரு, எழுந்து வாடா. இது ரேஷன் கடை மண்ணெண்ணெய்.”

வீட்டில் காஸ் வருவதற்கு முன்னால் ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவள் அவள்தான். கடைக்குட்டி என்பதால் என்னை யாரும் அனுப்பியதில்லை. அங்கே கொடுக்கிற மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருப்பார்கள் என்பது ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

ரோடே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. மணியைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் உதடு லேசாக நடுங்குவதைக் கவனித்தேன். பஸ் போய்விட்டிருந்தது. ஆட்டோ கண்ணில் படவில்லை. வெடித்தே தொலைந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

நின்றுபோன வண்டிகளில் ஒரு வேன் இருந்தது. மலைக் கோயில் கல்யாணத்துக்குப் போகிற மேளக்காரர்கள். தவில்காரர் தலையை நீட்டி, “இன்னாம்மா, எங்க போவணும்?” என்றார். அக்கா சொன்னாள். “ஏறு. நாயனம், அப்படி நவுரு” என்றார். மடியில் ஃபைல், பக்கத்தில் தவில், எதிரில் இரண்டு நாதஸ்வரம். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு வீடு திரும்பினேன். கோபியைப் பிடித்துக் கேட்டதற்கு, “நான் எப்ப மச்சான் ஏரோப்ளேன்னு சொன்னேன்? நீலமா கீதுன்னுதானே சொன்னேன்” என்றான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அக்கா சாயங்காலம் சொன்னாள். மேளக்கார வேன் நேரே கேட்டுக்குள் போய் அவளை இறக்கிவிட்டிருக்கிறது. தேர்வு அறையில் நுழைந்ததும் தலைமையாசிரியை மூக்கைச் சுளித்து, என்னம்மா மண்ணெண்ணெய் வாடை என்று கேட்டிருக்கிறார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, பள்ளத்தைக்கூட. சிரித்து முடித்த அவர், தயார் செய்து வந்த பாடத்தை விட்டுவிட்டு இதையே பத்தாம் வகுப்புக்கு நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

அவள் நடத்திய பாடத்தை எனக்கும் நடத்தினாள். ஆக்டேன் என்பது சக்தி அல்லவாம், பொறுமையாம். பிஸ்டன் எரிபொருளையும் காற்றையும் போட்டு நசுக்கும்போது, பிளக்கில் பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கிற பொறுமை. மண்ணெண்ணெய்க்கு அது கிடையாது. முந்திக்கொண்டு பற்றி, சுத்தியலாகத் தட்டும். நான் காற்றைக் கூட்டி வைத்தது அதை இன்னும் மோசமாக்கியது. நிஜமான விமானப் பெட்ரோலையே ஊற்றியிருந்தாலும் அந்தச் சின்ன இன்ஜின் ஒரு பொட்டு கூடுதலாக ஓடியிருக்காதாம்; அது கேட்கிற பொறுமை சாதாரணப் பெட்ரோலிலேயே இருக்கிறது. ஒரு டம்ளர் அளவு இரும்புக்குள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான வெடிப்பு, ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து வெடிக்கிறது என்று அவள் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. பெரிய விமானங்கள் ஓடுவதே மண்ணெண்ணெய் ஜாதி எரிபொருளில்தான் என்றும் சொன்னாள். (என் மூக்கு பொய் சொல்லவில்லை. அதை யாரும் பாராட்டவில்லை.)

வேலை அவளுக்குக் கிடைத்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் அவள் அந்தப் பாடத்தை அன்றோடு விடவில்லை. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஆக்டேன் நடத்தினாள். வருஷா வருஷம் நான் பெயர் விலாசத்தோடு பள்ளத்தில் குதித்தேன். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று பரவிவிட்டார்கள்.

போன வருஷம் ஒருநாள் நெஞ்சைப் பிசைந்தது. வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படுக்க வைத்து ஒயர் மாட்டினார்கள். என் மனைவிக்குச் சொல்ல வேண்டிய கடைசி வார்த்தைகளை மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயது டாக்டர் வந்து சீட்டில் என் பெயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“சார், நீங்க மைமூன் மிஸ்ஸோட தம்பியா?”

ஆமாம் என்றேன். அவர் ஈசிஜி காகிதத்தை முழுசாகப் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“வெறும் வாயுதான் சார். பயப்படாதீங்க, வெடிக்காது.”

நர்ஸ் சட்டென்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தம்மாவும் அதே பள்ளிக்கூடம்தானாம்.