சார், கொஞ்சம் தீக்குள்ள போறீங்களா?

கப்பலின் இயந்திர அறை பற்றி எரிந்துகொண்டிருந்தது. கேப்டன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாலுமி ஓடிப்போய் அணைத்துவிடுவான். அந்த ஒரு வார்த்தைதான் கேப்டன் வாயில் வரவில்லை. மாலுமி அவருடைய மேனேஜர்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் கிடங்கின் சாப்பாட்டு மேசையில் நடக்கும் விளையாட்டு அது. ‘ஒன்பதாம் கலம்’ என்ற பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். நடத்தி வந்தவர் ஸ்டோர்கீப்பர். போன மாதம் இறந்துபோனார். அவருடைய நோட்டில் கதை பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. பென்சில்கூட அந்தப் பக்கத்திலேயே இருந்தது. முடித்துவைக்க அவர் மகள் வந்திருந்தாள். முப்பது வயது, அதிகம் பேசாதவள்.

கேப்டனாக ஆடியவர் ஸ்டோர்கீப்பரின் உதவியாளர்; அவருக்குக் கதை முடிவதில் அக்கறை இல்லை. ஸ்டோர்கீப்பரின் நாற்காலி காலியாக இருந்தது. பதினோரு வருடமாக அதன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவர் அவர். நாற்காலி யாருக்கு என்று சொல்ல வேண்டியவர் மேனேஜர். அவரைப் போய் ‘நீ’ என்பதா?

"சார், நீங்க கொஞ்சம் தீக்குள்ள போறீங்களா?"

மகள் நோட்டைப் புரட்டினாள். கெஞ்சுகிற கேப்டனுக்கு யாரும் கீழ்ப்படிய மாட்டார்கள் என்று அப்பா விதி எழுதியிருப்பதாகச் சொன்னாள். பகடை உருண்டது. மாலுமி அசையவில்லை. தீ இரண்டாம் தளத்துக்கு ஏறியது.

உதவியாளருக்குத் தொண்டை வறண்டது. "ஏம்மா, தண்ணி கொண்டா" என்றார் அந்தப் பெண்ணிடம். அது மட்டும் தடையில்லாமல் வந்தது.

அடுத்த முறை ‘சார்’, ‘நீங்க’ இரண்டையும் கழற்றிவிட்டு, யாராவது போனால் நன்றாயிருக்கும் என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். யாராவது என்றால் யார் என்று கப்பலில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றதாக மகள் அறிவித்தாள். மூன்றாம் தளமும் போயிற்று.

சரி, நானே போகிறேன் என்று கேப்டன் தீக்குள் இறங்கினார். ஆளில்லாத கேப்டன் இருக்கையைக் கண்டு எதிரிக் கப்பல் நெருங்கியது. அதைவிட மோசம், மேனேஜரின் முகம் சுருங்கியது.

"எனக்குத் தைரியம் இல்லன்னு நினைச்சுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார்." உதவியாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, இன்னொரு டம்ளர்."

கடைசி வாய்ப்பு என்றாள் மகள். இதிலும் தவறினால் கப்பலில் இருநூறு பேரும் சாம்பல். உதவியாளர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"டேய், போடா உள்ள!"

பகடையில் ஒன்று விழுந்தது. மாலுமி தீயை அணைத்தான்; அணைத்துவிட்டு அங்கேயே செத்தான்.

செத்தவருக்கு உயிர் கொடுக்க விதி ஏதாவது உண்டா என்று உதவியாளர் குழறினார். அப்படி இருந்தால் அப்பாவுக்குத்தான் முதலில் கேட்டிருப்பேன் என்றாள் மகள், நோட்டை மூடிக்கொண்டே.

மேனேஜர் எழுந்து பையை எடுத்தார். தன்னை யாரும் ‘டேய்’ என்று கூப்பிட்டு இருபது வருடம் ஆகிறது என்றார். கோபமாகத் தெரியவில்லை.

"சார், அந்த நாற்காலி விஷயம்..."

"அது போன வாரமே கையெழுத்தாயிடுச்சே. திங்கட்கிழமை தெரிஞ்சுடும்." தோளில் தட்டிவிட்டுப் போனார்.

போன வாரமே. உதவியாளருக்கு உடம்பு லேசானது. ஒரு மணி நேரம் எதற்காக வியர்த்தோம் என்று தன்னையே நொந்துகொண்டார். ஸ்டூலிலிருந்து எழுந்துபோய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

"ஏம்மா, போகும்போது அந்த டம்ளரெல்லாம் கழுவி வச்சுடு."

அவள் மறுபேச்சில்லாமல் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து அப்பாவின் சாவிக்கொத்தை எடுத்தாள்.

"எந்திரிங்க அங்கிள், பூட்டணும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க, எனக்குத் தண்ணி நானே எடுத்துக்கறேன்."