சுபநேரத்துக்கு ஓடாத கார்

காலிமுகத்திடலுக்கு நேரே வந்ததும் கார் இரண்டு தரம் விக்கி, நின்றுவிட்டது. நின்றதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஹோர்ன் தானாகவே அலறத் தொடங்கியது.

"தம்பி, அதை நிப்பாட்டு! சனமெல்லாம் பாக்குது" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா பாலேஸ்வரி. மடியில் பழத்தட்டம், தலையில் மல்லிகை, முகத்தில் கலவரம்.

"நான் அமத்தேல்லை அக்கா. அது தன்ரபாட்டிலை அடிக்குது!"

காற்று வாங்க வந்திருந்த வெள்ளைக்காரச் சீமாட்டி ஒருத்தி பயந்துபோய்த் தன் நாயைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நாகேந்திரம் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். சாவியைத் திருகினான், பெடலை மிதித்தான், கடைசியில் இறங்கி மட்கார்டில் ஓங்கி ஓர் அடியும் போட்டான். கார் அசையவில்லை. கொட்டாஞ்சேனையில் பெண் பார்க்கக் குறித்திருந்த சுபநேரம் மட்டும் அசைந்து அசைந்து போய்விட்டது.

நேரம் தப்பிய பிறகு பெண் வீட்டு வாசலை மிதிக்க அக்கா சம்மதிக்க மாட்டாள். வீட்டுக்குத் திரும்பலாம் என்று சாவியைத் திருகினான். கார் ஒரு குறையுமில்லாமல் ஓடிற்று.

நாகேந்திரத்துக்கு வயது முப்பத்துநாலு. கோட்டையில் கந்தோர் உத்தியோகம், வெள்ளவத்தையில் அக்காவோடு குடித்தனம். அத்தான் மலாயாவில் வேலையாக இருந்தார். உத்தியோகமும் குணமும் இருந்து என்ன பயன்? சாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய் குந்திக்கொண்டு, வந்த சம்பந்தங்களையெல்லாம் வாசல் படலையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கடைசியில், அதே செவ்வாயை அதே ஏழாம் வீட்டில் வைத்திருந்த ஒரு பெண் அகப்பட்டாள். பெயர் சிவமணி. கொட்டாஞ்சேனையில் பெரியப்பா வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். இவளையும் விட்டால் இந்த ஜென்மத்தில் கலியாணமில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெண்ணின் படம் வந்தது. அக்கா பார்த்தாள், "லட்சணமான பிள்ளை" என்றாள். முறைப்படி பார்க்கப் போகுமுன் மாப்பிள்ளை படம் பார்க்கக்கூடாது என்று ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியும் விட்டாள்.

கலியாணத் தரகர் சங்கிலியார் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். "அந்தப் பிள்ளையை ஒரு டொக்டரும் கேக்கிறார் கண்டியளோ. அவரிட்டைக் காரும் இருக்கு."

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துரையிடமிருந்து, இரண்டே இரண்டு பேர் இருக்கக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை நாகேந்திரம் வாங்கினான். ரயில் சீசன் டிக்கெட்டை விட்டுவிட்டுக் கந்தோருக்கும் காரிலேயே போகத் தொடங்கினான். அப்படிப் போகும்போது ஒருநாளாவது அது நின்றதில்லை.

"நல்ல காரியத்துக்குப் போகேக்கை மட்டும் நிண்டால் என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் அக்கா.

"வயரிலை பிழை எண்டு அர்த்தம்" என்றான் தம்பி.

வயர்ப் பிழை பார்க்கக் கொட்டாஞ்சேனையில் மெக்கானிக் மஷூரின் கராஜுக்குக் கொண்டு போனான். மஷூர் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டார். கார் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற காரில் பிழை பிடிக்கிறது, சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று தேடுகிற கதைதான். மஷூர் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை.

"இது பெட்டரிட வேல ஐயா. புதுசொண்டு போட்டா கொழும்பு முழுக்கச் சுத்தலாம்."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"என்ன ஐயா இப்பிடிக் கேக்கிறீங்க? நான் பாக்காத காரா ஈக்கி?"

புது பெட்டரி ஏறியது. பெண் வீட்டார் பெருந்தன்மையோடு இன்னொரு நாள் தந்தார்கள்.

அன்று அக்காவும் தன் பங்குக்குக் காரைக் கவனித்தாள். முதற்பயணத்தில் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்ததோடு விட்டிருந்தாள். அது போதாமல்தான் வினை வந்தது என்று இந்த முறை செம்போடு எடுத்துப் பொனற்றின் மேல் ஊற்றினாள். தேங்காய் ஒன்றை உடைத்து அந்தத் தண்ணீரையும் வார்த்தாள். மேலே ஒரு கைப்பிடி பூ.

கார் பம்பலப்பிட்டியைத் தாண்டவில்லை. ஹோர்னோடு இந்தத் தரம் முன் விளக்குகளும் பட்டப்பகலில் மின்னி மின்னி அணைந்தன.

"வாடகைக் கார் ஒண்டைப் பிடிச்செண்டாலும் போவம் தம்பி, நேரம் இருக்கு" என்று அக்கா கெஞ்சினாள்.

"டொக்டர் சொந்தக் காரிலை போவார், நான் வாடகைக் காரிலை போறதோ? வேண்டாம்" என்றான்.

எவ்வளவு பெரிய மடத்தனம்! அன்றைக்கு ஒரு றிக்‌ஷாவில் போயிருந்தாலும் அவன் வாழ்க்கை வேறு விதமாகப் போயிருக்கும். ஆனால் கார் வாங்கிய மனிதனுக்குக் கால் இருப்பது மறந்துபோகிறது.

மறுபடி மஷூர். "பெட்டரி நல்லம். டைனமோதான் மோசம் பண்ணீக்கி." டைனமோ மாறியது. "கொயிலையும் மாத்துவோமே, மனசுக்கு நிம்மதி." கொயிலும் மாறியது. கார் நின்ற இடம், நின்ற நேரம், ஏறிய பெற்றோல் எல்லாவற்றையும் நாகேந்திரம் விபரமாகச் சொன்னான். அக்காவின் மஞ்சள் தண்ணீரைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. மறைக்க வேண்டுமென்று அல்ல. காருக்கு யாரோ எதையோ செய்தார்கள் என்ற கணக்கில் அது அவன் நினைவிலேயே வரவில்லை.

மூன்றாம் தரம் புறப்படுமுன் பெரியப்பா தரகரிடம் சொல்லி அனுப்பினார். "இந்த முறையும் தவறினால் பிள்ளையின்ர மனம் என்ன பாடுபடும் எண்டு யோசிக்கச் சொல்லுங்கோ."

நாகேந்திரம் யோசித்தான். இரவெல்லாம் யோசித்தான். அக்காவும் யோசித்து, விடியற்காலையில் கோயில் ஐயரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். மந்திரம் சொல்லிக் கும்பம் வைத்து, கும்பத்துத் தண்ணீர் முழுவதையும் ஐயர் காரின் தலையில் கவிழ்த்தார்.

கார் படலையைக்கூடத் தாண்டவில்லை. சாவியைத் தொட்டதும் ஹோர்ன் மாத்திரம் ஒப்பாரி வைத்தது. ஐயர் தட்சணையை மடியில் செருகிக்கொண்டு, "சனீஸ்வரன் காருக்குள்ளையே குடியிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அக்கா அழுதபடி உள்ளே போனாள். நாகேந்திரத்துக்கும் அழுகை வந்தது. ஆண்பிள்ளை வாசலில் நின்று அழக்கூடாதே என்று பொனற்றைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது என்ஜினும் ஹோர்ன், விளக்கு வயர்களும் மஞ்சளாக நனைந்திருந்தன. பொனற்றின் பக்கத்துக் கீற்றுகள் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்புகிற அந்தக் கறுத்த மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு கரண்டி மஞ்சள் தண்ணீரும் அதில் மிதக்கிற ஒரு மல்லிகை இதழும் இருந்தன.

சால்வையால் துடைத்து மூடிச் சாவியைத் திருகினான். கார் உடனே ஓடிற்று.

அக்காவிடம் போய்ச் சொல்ல வாயெடுத்தான். அவள் சுவாமி அறையில் விழுந்து கும்பிட்டபடி, "என்ர தம்பிக்கு ஒரு வழி காட்டு" என்று விம்மிக்கொண்டிருந்தாள். அவனை வளர்த்தவள் அவள்தான். உங்கள் கையால்தான் எல்லாம் கெட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வான்? சொல்லவில்லை.

அன்றைய சுபநேரமும் தப்பிப் போயிற்று. அடுத்த நாள் குறிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் பேசுவதில்லை. அந்த மாதம் முழுவதும் கார் சொன்ன சொல் கேட்டது. காலையில் கந்தோருக்கு, மாலையில் வீட்டுக்கு, ஒரு விக்கல் இல்லை, ஒரு அலறல் இல்லை. அது அப்படி ஓட ஓட அவனுக்கு வயிறு எரிந்தது. சங்கிலியார் முகம் காட்டவில்லை. ஆவணியில் வருகிறோம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள், பதில் வரவில்லை. பதில் வராததைச் சம்மதம் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

ஆவணியின் முதல் நல்ல நாள் வந்தது. அக்கா மறுபடி ஐயரைக் கூட்டிவரக் கோயிலுக்குப் புறப்பட்டாள். அவள் தலை மறைந்ததும் நாகேந்திரம் காரை எடுத்துக்கொண்டு தனியாகவே ஓடினான். பூவில்லை, தேங்காயில்லை, பெண் வீட்டுக்கு முன்நிற்க ஒரு பெரியவர்கூட இல்லை. கார் பம்பலப்பிட்டி, காலிமுகத்திடல், புறக்கோட்டை எல்லாவற்றையும் கடந்து கொட்டாஞ்சேனை வாசலில் போய் நின்றது.

வாசலில் வாழை கட்டியிருந்தது. தனக்காகத்தான் என்று நினைத்த நாகேந்திரத்தின் கண்கள் நிறைந்துவிட்டன.

சிவமணியின் பெரியம்மா பாக்கியலெட்சுமி வெளியே வந்தாள். அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் வெள்ளவத்தைத் தம்பியெல்லே? உள்ளுக்கு வாங்கோ. காலமைதான் பிள்ளைக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. பதிவுகாரர் இப்பத்தான் போறார்."

நாகேந்திரம் வாழையைப் பிடித்துக்கொண்டான்.

"டொக்டரோ?" என்றான்.

"எந்த டொக்டர்? ஒரு டொக்டரும் கேக்கேல்லையே. பொடியன் பள்ளிக்கூட வாத்தியார், செவ்வாய்ச் சாதகந்தான், சைக்கிளிலை திரியிறவர்."

"அம்மா, நான் வரக்கூடாதெண்டு இருக்கேல்லை. இந்தக் காராலைதான் எல்லாம். இதின்ர பிழை எனக்கு இப்பத்தான் பிடிபட்டது."

பாக்கியலெட்சுமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"கார் ஆருக்கு வேணும் தம்பி? பிள்ளை படிப்பிக்கிறது வெள்ளவத்தையிலை. காலமை அங்கை ஸ்டேசனிலை இறங்கேக்கை, நீங்கள் பேப்பரும் கையுமாக் கோட்டை ரயிலுக்கு நிக்கிறதைத் தினம் பாத்துத்தான் உங்களுக்கு ஓம் எண்டவள். அவளின்ர படம் உங்களிட்டை வந்த கையோடை நீங்கள் ஸ்டேசனுக்கே வராமல் விட, தன்ர முகம் பிடிக்காமல்தான் ஒளிச்சுத் திரியிறார் எண்டு நினைச்சுப் போட்டாள்!"