அழகேசனின் லாரி ஆசை

"இடுப்பு ஒடியுது ரஞ்சி," என்றார் அழகேசன்.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலத்தில் அவருடைய டிரெய்லர் நகராமல் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முன்னால் நின்ற லாரியின் கூண்டுகளிலிருந்து கோழிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவையாவது இன்றைக்கு ஒருநாள்தான் இந்த வரிசையில் நிற்கின்றன. அவருக்கு இது ஆறாவது வாரம்.

போனில் இருந்தது அவர் மனைவி ரஞ்சிதம். அழகேசன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். 'போதுங்க, விட்டுட்டு வந்துடுங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவார்.

"ரொம்ப வலியா?"

"உக்காரவே முடியல."

"சரி, நான் பார்த்துக்கிறேன்," என்று போனை வைத்துவிட்டாள்.

அடுத்த பயணத்துக்கு வண்டியில் ஏறினார். டிரைவர் சீட்டில் ஒரு மெத்தை உட்கார்ந்திருந்தது. சிராங்கூன் ரோடு கடையில் சொல்லித் தைத்து, கம்பெனிக்கே வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். இடுப்பு வலி மூன்றே நாளில் ஓடிப்போனது. அந்த வலி போனதற்காக மனிதர் அவ்வளவு வருத்தப்பட்டார்.

ஐம்பத்து மூன்று வயதில் டிரெய்லர் ஓட்டவேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? இருபத்தாறு வருஷம் ஒரு சரக்குக் கம்பெனியில், லாரிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த மனிதர். திடீரென்று ஒருநாள் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்துகொள்ளும் என்று சொல்லி, கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கேக்கை வீட்டுக்கு எடுத்துவந்த அழகேசனுக்கு, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"நானே வேலைய விட்டுட்டேன் ரஞ்சி. சின்ன வயசுலேர்ந்து ஒரு ஆசை. பெரிய லாரி ஓட்டணும். தூர தேசம் போகணும்."

இப்படி ஓர் ஆசை தனக்கு இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். இளவயதில் கட்டாய ராணுவச் சேவையான நேஷனல் சர்வீஸில் மூன்று டன் வண்டி ஓட்டியதைத் தவிர, லாரி ஓட்டுவதற்கும் அவருக்கும் வேறு சம்பந்தமில்லை. 'உங்களுக்கென்ன பைத்தியமா' என்று அவள் கேட்பாள், சண்டை போடுவாள், கடைசியில் போகவேண்டாம் என்று தடுப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தார்.

ரஞ்சிதம் கேக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா செய்ங்க," என்றாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் பயிற்சி, லைசென்ஸ், ரத்னவேல் டிரான்ஸ்போர்ட்டில் வேலை என்று ஒவ்வொன்றாக நடந்துவிட்டது. வாய்தவறிச் சொன்ன பொய்க்குப் பதினெட்டுச் சக்கரம் முளைத்துக்கொண்டது.

இடுப்பு கைவிட்டதும் அழகேசன் வயிற்றைப் பிடித்தார்.

"சாப்பாடு சரியில்ல ரஞ்சி. கண்ட இடத்துல சாப்பிட்டு நெஞ்செரிச்சல்."

"அப்படியா? சரி, நான் பார்த்துக்கிறேன்."

வண்டியில் செருகிச் சமைக்கிற குட்டி குக்கர் ஒன்று வந்தது. கூடவே டப்பாக்கள். ஒவ்வொன்றிலும், ஈப்போ வரைக்கும் அவர் வண்டி நிறுத்துகிற மலேசிய ஊர் ஒன்றின் பெயர் அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. யோங் பெங்குக்குப் புளிக்குழம்பு, தாப்பாவுக்கு நெத்திலிச் சம்பல், ஈப்போவுக்குப் பருப்புப் பொடி. ஓய்விடங்களில் மற்ற டிரைவர்கள் மோப்பம் பிடித்து வந்து சுற்றி நின்றார்கள்.

"அண்ணே, கொடுத்து வச்சவர் நீங்க. எங்க வீட்டுல ஒரு பிஸ்கட் பாக்கெட் வராது," என்றான் ஒருவன்.

"ஆமா, ஆமா," என்றார் அழகேசன். புளிக்குழம்பை அவன் தட்டிலேயே ஊற்றினார்.

அடுத்து தனிமை. அதுதான் உண்மையும்கூட.

"பேச ஆளில்ல ரஞ்சி. முன்னூறு மைல் ரோட்டையே பார்த்துட்டுப் போறேன். பைத்தியம் பிடிச்சுடும்போல."

மூக்கை உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

"என்ன, அழறியா?" என்றார் ஆசையாக.

"வெங்காயம் நறுக்குறேன். சரி, நான் பார்த்துக்கிறேன்."

ரஞ்சிதம் போன் செய்து கேட்டுக்கொண்டதால், அடுத்த வாரம் கம்பெனியில் அவருக்குத் துணைக்கு ஓர் ஆளைப் போட்டார்கள். பெயர் சுந்தரேசன். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதுமே, தன் பித்தப்பையில் கல் எடுத்த கதையை ஆரம்பித்தார். ஈப்போ வந்தபோது கதையில் இன்னும் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றிருந்தார்.

"உங்களுக்கு போரடிக்குதா அண்ணே?"

"சேச்சே."

"அப்ப திரும்பி வர்றப்ப ஆபரேஷன சொல்றேன். டாக்டர் என்ன சொன்னார்னா..."

அந்த வெள்ளிக்கிழமை சரக்கு சீக்கிரம் இறங்கிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மதியமே வீட்டுக்குப் போனார் அழகேசன். இனிமேல் பூசி மெழுகுவதில்லை, நேராகவே சொல்லிவிடுவது என்று லிப்ட்டில் பேசிப் பழகிக்கொண்டே வந்தார். கதவுக்கு வெளியே பத்து ஜோடிச் செருப்பு. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ரஞ்சிதம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி.

அவரைப் பார்த்ததும் கோல்கள் நின்றன.

"நீங்க நாளைக்குத்தானே வருவீங்க?" என்றாள்.

"ஏன், இன்னைக்கி வரக்கூடாதா?"

"ஐயோ, வரலாமே. சாப்பாடு இல்லையேன்னு சொன்னேன்."

பெண்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். சோபாவை யாரோ சுவரோரம் தள்ளியிருந்தார்கள். தான் இல்லாத வீட்டில் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார் அழகேசன். பழகிவந்த பேச்சு முழுவதும் மறந்துபோனது. வேறு ஒன்று வாயில் வந்தது.

"முதலாளி ஒரு வேலை சொல்றாரு. தாய்லாந்துல, ஹாட்யாய்ல தங்கி, அங்கேர்ந்து பாங்காக் வரைக்கும் ஓட்டணும். ரெண்டு வருஷம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். ரஞ்சிதம் சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எந்தப் பாத்திரமும் உருளவில்லை.

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் வர முடியும்," என்றார் குரலை உயர்த்தி.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா போங்க," என்று தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போனார்.

முதலாளி ரத்னவேலுக்கு வாயெல்லாம் பல். "அண்ணே, இந்த வேலைக்கு ஆள் கிடைக்காம நாலு மாசமா நாய்படாத பாடு படுறேன். நீங்க குடும்பஸ்தராச்சே, அக்கா ஒத்துக்குவாங்களா?"

"அவளுக்கு என்ன? ரொம்பச் சந்தோஷம்."

அழகேசன் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் ரத்னவேல் அதைப் படம் பிடித்து ஹாட்யாய்க்கு அனுப்பிவிட்டு, அவருடைய ஈப்போ ஓட்டத்தை வேறொருவருக்கு மாற்ற, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

சாப்பிடப் போயிருந்த ஷபானா அப்போதுதான் திரும்பி வந்தாள். ஆபீஸில் வண்டி அட்டவணை போடுகிற பெண்.

"என்ன அங்கிள், இந்த நேரத்துல இங்க?" என்றவள் மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் படித்தாள். "ரெண்டு வருஷமா? சைன் பண்ணியே குடுத்துட்டீங்களா?"

"முடிஞ்சிடுச்சும்மா. வீட்ல யாரும் தேடப் போறதில்ல."

மேசைமேல் போன் அடித்தது. ஷபானா எண்ணைப் பார்த்தாள். எடுக்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"ஆன்ட்டிதான் லா. உங்க பழைய ஆபீஸ்ல ஆள் குறைச்சத அன்னைக்கே அங்க மேனேஜர் ஆன்ட்டிகிட்ட போன்ல சொல்லிட்டாராம். 'பாவம், மானத்துக்காக லாரி ஆசைன்னு சொல்றாரு, அவர் வாயாலேயே வேணாம்னு சொல்லட்டும்'னு காத்திருக்காங்க. வாராவாரம் இதே நேரத்துக்குக் கூப்பிட்டு 'இன்னைக்காவது நிறுத்திக்கிறேன்னு சொன்னாரா'ன்னு கேக்கிறாங்க. இன்னைக்கி நான் என்ன சொல்லட்டும் அங்கிள்?"