வால் பக்கத்து நாலு

கிண்ணியைக் காணவில்லை. கிண்ணி போனால் போகட்டும், அதில் ஊறிக்கொண்டிருந்த நாலையும் காணவில்லை.

"மஹீரா! இங்க கிண்ணியில தண்ணி வச்சிருந்தேனே?"

"அழுக்குத் தண்ணியா இருக்குன்னு கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேங்க. ஏன்?"

ஷஃபீக் தலையில் கைவைத்துக்கொண்டார். பிழைப்புக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்தாலும், அவர் உயிரை விடுவது சாணளவுப் போர் விமானங்கள் செய்வதில். விமானத்தைக்கூடச் செய்துவிடலாம். அதன்மேல் எண்களை ஏற்றுவதுதான் பெரும்பாடு. டெக்கால் என்பது வெங்காயத் தோலைவிட மெல்லிசான ஒட்டுப்படம். தண்ணீரில் ஊறினால் தாளைவிட்டு நழுவும். அதை அலுங்காமல் நகர்த்தி வைத்தால், பெயின்ட்டில் எழுதியதுபோல் ஒட்டிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் ராமலிங்கம் ஐயாவுக்கு எண்பதாம் கல்யாணம். அவர் மகள் மாலா ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

"அப்பா ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்போ எடுத்ததுண்ணே. இந்த பிளேனைச் செஞ்சி குடுங்க. அவருக்குப் பார்வை மங்கிக்கிட்டே வருது, தெரியறப்பவே பாத்துடணும். நம்பரு மட்டும் தப்பாயிடக் கூடாது. அதுலதான் அவரு உசுரே இருக்கு."

படத்தில் இளவயது ராமலிங்கம் விறைப்பாக நின்றார். கையில் ஏதோ குச்சி. பைலட்டுகள் பிரம்பு வைத்திருப்பார்கள்போல என்று ஷஃபீக் முடிவு கட்டினார். பின்னால், விமானத்தின் வால் பக்கத்தில் 264. கடைசி நாலு மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பழைய படம், மடிப்பு விழுந்திருக்கும் என்று அதற்கும் அவரே முடிவு கட்டி, மூன்றையும் நேராக ஒட்டத் தீர்மானித்தார். இரண்டும் ஆறும் ஏறிவிட்டன. நாலுதான் செடிக்குப் போய்விட்டது.

"வேற நாலு இல்லியா?"

"எட்டு இருக்கு, ஒன்பது இருக்கு. நாலு அது ஒண்ணுதான்!"

கறிவேப்பிலைச் செடியை இலை இலையாகப் புரட்டினார்கள். ஆறாவது கொத்தில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது நாலு. சாமணத்தால் நோகாமல் எடுத்து, கழுவி, வாலில் வைத்தார். நூல் பிடித்ததுபோல் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மணி அஞ்சாவுது, எப்பக் காயறது?" என்று மஹீரா ஒத்தாசைக்கு வந்தாள். தலை உலர்த்தும் மெஷினைப் பிடித்து ஒரே ஊது. நாலு வழுக்கிச் சாய்ந்தது.

"ஐயோ, நிறுத்து!"

நிமிர்த்தலாம் என்று தூரிகையால் தள்ளினார். நாலு அசையவில்லை, பக்கத்திலிருந்த ஆறு ஓரத்தில் கிளம்பியது. ஆறை அழுத்தினார். நாலு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. இனித் தொட்டால் கிழிந்துவிடும் என்று கையை எடுத்தபோது வாசலில் மாலாவின் ஸ்கூட்டி ஹாரன் அடித்தது.

ரெட்டியார்பாளையம் கல்யாண மண்டபத்துக்குள் ஷஃபீக் குற்றவாளிபோலத்தான் நுழைந்தார். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ராமலிங்கம் விமானத்தை வாங்கி, பூதக்கண்ணாடியை மூக்கிலிருந்து வால்வரை நகர்த்திக்கொண்டே போனார். நாலுக்கு வந்ததும் கண்ணாடி நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

எண்பது வயது மனிதரை அவருடைய நல்ல நாளில் அழவைத்துவிட்டோமே என்று ஷஃபீக் துடித்துப்போனார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. என் தப்புதான். நாளைக்கே அந்த நாலைப் பிரிச்சி நேரா ஒட்டிக் குடுத்துடறேன்."

"தொட்டீங்கன்னா தெரியும்!" ராமலிங்கம் விமானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பக்கத்தில் பட்டுச்சேலையில் இருந்த அவர் மனைவி லட்சுமி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"தம்பி, இவரு எங்க பிளேன் ஓட்டுனாரு? அதுல நம்பர் எழுதுன பெயிண்டரு, போட்டோவுல கையில இருக்கறது பிரஷ்ஷு. கட்டிக்கறேன்னு நான் எழுதுன லெட்டரு வந்த அன்னிக்கு, கை நடுங்கி இந்த நாலைத்தான் கோணலா எழுதிட்டு ஏழு நாள் தண்டனை வாங்குனாரு!"