சட்டைப்பையில் ஓர் ஆபீஸ்

இந்த வீட்டில் இனி மென்பொருளுக்குக் காசு கொடுப்பதில்லை என்று பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். வாயில் நுரை இருந்ததால் முழக்கமிட முடியவில்லை. மனதுக்குள் முழங்கினேன்.

வெளிநாட்டில் கம்பெனிக் கணினியில் ஓசியில் தட்டிப் பழகியவன் நான். ஊர் திரும்பியதும்தான் தெரிந்தது, நாலு வரிக் கடிதம் அடிக்கவும் ஆண்டுச் சந்தா கட்டவேண்டுமாம். கட்டுவேனா? கீழ்வீட்டுப் போட்டோக்காரரிடம் சொல்லிப் பொருமினேன். கட்டைவிரல் அளவில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். உள்ளே முழு ஆபீஸ் மென்பொருள். நிறுவ வேண்டாம், செருகினால் ஓடும்.

என் மனைவி மொழிபெயர்ப்பாளர். ஒரு வருடமாக அவள் மொழிபெயர்த்த நாவல் வீட்டுக் கணினியில் இருந்தது. அதைப் பக்கம் பிரித்துப் பதிப்பாளருக்கு அனுப்புவது என் வேலை.

பென் டிரைவை எலிவாலைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதை யாருங்க செஞ்சது?"

"யாரோ ஒரு புண்ணியவான்."

"அவருக்குப் பேர் இல்லையா?"

"புண்ணியவான்கள் பேர் போட்டுக்கறதில்ல."

"மேல ஒரு சீட்டு சுத்தியிருக்கே, 'திறக்கும் முன் வைரஸ் காவலை அணைக்கவும்'னு. திருடன் வாசல்ல நின்னு 'நாயைக் கட்டிப் போடுங்க'ன்னா கட்டுவீங்களா?"

"நாய் சும்மா சும்மா குரைக்குது."

"என் நாவல் அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்குங்க. போச்சுன்னா மறுபடி எழுத எனக்குத் தெம்பில்ல. காசே கேக்காத ஆபீஸ் மென்பொருள், நேர்வழியில, அவங்க தளத்துலயே கிடைக்குது. அதைப் போட்டுக்கலாம்."

"சும்மா கொடுக்கறவனை நான் நம்பமாட்டேன்."

"இதை மட்டும் என்ன, எடைக்கு எடை தங்கம் கொடுத்தா வாங்கினீங்க?"

பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவள் குளிக்கப் போனதும் செருகினேன். ஓடியது! பொத்தான்கள் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. இருக்கட்டும், வீட்டில் எந்தப் பொருள்தான் வைத்த இடத்தில் இருக்கிறது? பக்க எண்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையில் நின்றன. ஓர் எழுத்தும் உடையவில்லை. திருட்டு மாங்காயின் ருசியே தனி. மதியத்துக்குள் நாவலை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

அழைப்புமணி அடித்தது. போட்டோக்காரர். முகம் வெயிலில் வெளுத்த படம்போல் இருந்தது.

"சார், அந்தப் பென் டிரைவைத் தூக்கி எறிங்க! கடைக் கம்ப்யூட்டர்ல இருந்த படம் மொத்தமும் பூட்டிக்கிச்சு. திறக்கணும்னா பணம் கேக்கறான்."

"யாரு, அந்தப் புண்ணியவானா?" என்றாள் மனைவி, எனக்குப் பின்னாலிருந்து.

ஓடிப்போய் நாவலைத் திறந்தேன். முதல் அத்தியாயம் இருந்தது. கடைசி அத்தியாயமும் இருந்தது. போன வீரம் வட்டியோடு திரும்பியது.

"பாத்தியா? அவருக்குக் கையாளத் தெரியல. என்னோடது பத்தரைமாற்றுத் தங்கம்!"

"தங்கமேதான். காலையிலேர்ந்து நீங்க ஓட்டினது நான் சொன்ன அந்த இலவச மென்பொருள். உங்க புண்ணியவான் மென்பொருளோட பேரையும் ஐகானையும் அது மேல ஒட்டி வெச்சேன்."

போட்டோக்காரர் முன்னாலா தோற்பது?

"இருக்கட்டுமே! நிறுவாம, என் பென் டிரைவுலேர்ந்துதானே ஓடுச்சு?"

"அது என்னோடதுங்க. அதே நிறத்துல வாங்கினேன். உங்களோடது நேத்தே குப்பை வண்டி ஏறிடுச்சு."